சோர்பிக் அமிலம் – நண்பனா, பகைவனா?

ஜாம், சீஸ், பழரச பாட்டில்களின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்ததுண்டா? பொடி எழுத்தில் 200 அல்லது 202 என்று ஒரு எண் இருக்கும். 200 என்றால் சோர்பிக் அமிலம். 202 அதன் உப்பான பொட்டாசியம் சோர்பேட். உணவு கெடாமல் காக்கச் சேர்ப்பது.

முதலில் இதன் பிறந்த கதை. ஐரோப்பாவில் ரோவன் என்றொரு மரம் உண்டு. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் காய்க்கும். தாவரவியல் பெயர் சோர்பஸ் அவுக்குபாரியா. 1859-ல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர் இந்தப் பழத்தின் எண்ணெயிலிருந்து இந்த அமிலத்தைத் தயாரித்தார். மரத்தின் பெயரே அமிலத்துக்கும் வந்தது. ஆனால் இது பூஞ்சையைத் தடுக்கும் என்று கண்டுபிடிக்க இன்னும் சுமார் 80 வருடம் ஆனது! இப்போது பழத்திலிருந்து எடுப்பதில்லை, தொழிற்சாலையில்தான் தயாரிக்கிறார்கள்.

ஆறு கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒரு முனையில் அமிலத் தொகுதி. அவ்வளவுதான் இதன் அமைப்பு. வெள்ளைத் தூள். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம்கூடக் கரையாது. பொட்டாசியம் சோர்பேட்டோ அரைக் கிலோவுக்கு மேல் கரையும். அதனால்தான் பழரசத்தில் 202.

சரி, எப்படி வேலை செய்கிறது? முழு மூலக்கூறாக இருக்கும்போதுதான் பூஞ்சை, ஈஸ்ட் செல்களின் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே போகும். போனபின் அங்கே பிரிந்து, செல்லின் அமிலத்தன்மையைக் கூட்டி, நொதிகளையும் முடக்கும். பிஎச் 4.76-ல் பாதி மூலக்கூறுகள் முழுதாக இருக்கும். 3.76-ல் சுமார் 91 சதவீதம். 6.76-ல் வெறும் 1 சதவீதம். ஆகவே எலுமிச்சை, மாங்காய் போன்ற புளிப்புப் பண்டங்களில்தான் இதன் ஜம்பம் பலிக்கும். பாலில் போட்டால் வீண்.

இன்னும் சில குறைகளும் உண்டு. ஈஸ்டை அடக்குவதால் ரொட்டி மாவில் போட்டால் மாவு உப்பாது. ஏற்கெனவே பூஞ்சை பிடித்ததை இது காப்பாற்றாது. சில பெனிசிலியம் பூஞ்சைகள் இதையே சிதைத்து, சீஸில் மண்ணெண்ணெய் வாடை வரவைத்துவிடும்!

உடம்புக்கு? மற்ற கொழுப்பு அமிலங்களைப் போலவே இதையும் நம் உடல் எரித்து, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக வெளியேற்றுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 660 மில்லிகிராம். சிலருக்குத் தோலில் பட்டால் எரிச்சல் வரலாம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அப்பா. அவருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்து இரண்டு வருடமாகிறது. அம்மாவோ, "கடை ஊறுகாய் எல்லாம் கெமிக்கல்டா" என்று வீட்டிலேயே எலுமிச்சை ஊறுகாய் போடுகிறார். கெடாமலிருக்க உப்பைக் கை நிறைய அள்ளிப் போடுகிறார். உப்பைக் குறைத்துப் போட்டபோது சில நாளிலேயே மேலே வெள்ளை பூத்துவிட்டது.

உப்பும் ஒரு பாதுகாப்பான்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் நாட்டு உணவு விதிகள் உப்பு, சர்க்கரை, வினிகரை முதல் வகுப்புப் பாதுகாப்பான் என்கின்றன. சோர்பிக் அமிலம் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புக்கு உச்சவரம்பு தேவையில்லை என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அப்பாவுக்கு எது ஆபத்து, நீங்களே சொல்லுங்கள்.

கடை ஊறுகாய் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அதிலும் உப்பு ஏராளம். இப்போதைக்கு எங்கள் வீட்டில் உப்புக் குறைவாக, கொஞ்சமாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்க்கிறோம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், மாதக்கணக்கில் கடையில் நிற்கும் பாட்டிலுக்கும் இது நடக்காது. அங்கேதான் 200-க்கு வேலை. அடுத்த முறை லேபிளைப் படிக்கும்போது அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். சோடியம் எவ்வளவு என்ற வரியையும் படியுங்கள்.