ஒரு வெங்காய மூட்டையின் பின்னால்

கீழமாரட் வீதிக்குள் நுழைந்தபோது அதிகாலை 3.20. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் இடம் தெரிந்தது. வெங்காய வாசம், ஈரச் சாக்கு வாசம், அணைக்காத எஞ்சினின் டீசல் புகை. வீதியின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு நாமக்கல் லாரி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. பலகை போட்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருகிக்கொண்டே போகிற மதுரைக்குள் சரக்கு எப்படி வந்து சேர்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "ராத்திரி லாரி வந்துரும், பகல்ல உள்ள வராது. அம்புட்டுதான்." அது அவ்வளவு லேசான காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மூட்டையின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் அந்த நேரத்துக்குப் போனேன்.

லாரியில் 25 டன். ஐம்பது கிலோ மூட்டை 500. நாசிக்கில் ஏற்றியது. டிரைவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தார். 1,400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவர், முதல்நாள் சாயங்காலம் 6 மணிக்கே சமயநல்லூர் வந்துவிட்டாராம். அங்கிருந்து ஊருக்குள் 12 கிலோமீட்டர்தான். அதற்கு ராத்திரி வரை ரோட்டோரம் காத்துக் கிடந்தேன் என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். வாயால் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். டன்னுக்கு 4,500 ரூபாய். கிலோவுக்கு நாலரை ரூபாய் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பின்னால் இந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

லோடுமேன்கள் எட்டுப் பேர். தலையில் சும்மாடு, கையில் கொக்கி. லாரியின் மேல் நிற்கிறவர் மூட்டையைச் சரித்துவிட, கீழே நிற்கிறவர் குனிந்து முதுகில் வாங்கி, கடைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போகிறார். ஒருவர் வெளியே வரும்போது அடுத்தவர் உள்ளே போகிறார், யாரும் யார் மேலும் இடிப்பதில்லை. அறுபது வயதிருக்கும் ஒருவர் மட்டும் இரண்டு மூட்டைக்கு ஒரு தடவை தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "அப்பெல்லாம் இங்கிருந்து எல்லாமே மாட்டு வண்டிதாண்ணே. மாட்டுக்காச்சும் ஓய்வு குடுப்பாக" என்றார்.

வீதியை அடி வைத்து அளந்தேன். கடை வாசலிலிருந்து எதிர்க்கடை வாசல் வரை என் காலடியில் 14. இது பழைய கோட்டையின் விளிம்பு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த நிலத்தில் உண்டானவை மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்தான் அவற்றுக்கு. வண்டி மாடு திரும்புவதற்குத் தாராளமான அகலம். லாரி ஒன்று நின்றால் பாதிதான் மிச்சம்.

நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் இரவுக் கடையும் இந்த ஊரில் இருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் தூங்காமல் இருந்தவர்கள் யாரென்று அன்று பார்த்தேன். சும்மாடு கட்டிய எட்டுப் பேர்.

5.40க்கு லாரி காலி. அது கிளம்பியதும் வீதி அகலமானது மாதிரி இருந்தது. அது பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், அலங்காநல்லூர் என்று ஆளாளுக்கு ஊர்ப்பெயர் சொல்லி மூட்டை ஏற்றினார்கள். குட்டி யானைக்குக் கம்பெனி சொல்லும் பாரம் முக்கால் டன். ஏற்றியது அதற்கு மேலேயே இருக்கும். கம்பெனி கணக்கையே வைத்துப் பார்த்தாலும், ராத்திரி வந்த அந்த ஒரே லாரிச் சரக்கு வெளியே போக 34 நடை ஓட வேண்டும். பகலில் லாரி வராது என்று சொன்னது உண்மைதான். லாரியில் வந்த சரக்கு பகல் முழுக்க அதே வீதியில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

8.15க்கு ஓர் அக்கா வந்தார். சிலைமானில் ரோட்டோரம் காய்கறிக் கடை. மூட்டையைக் குத்தி நாலு வெங்காயம் எடுத்து, தோலை உரித்து, அமுக்கிப் பார்த்து, கிலோ 26 ரூபாய்க்கு இரண்டு மூட்டை பேசி முடித்தார். கூட வரலாமா என்று கேட்டேன். "வாங்கண்ணே, மூட்டைக்குக் காவலாச்சு" என்றார்.

மூட்டையைத் தூக்கி ட்ரைசைக்கிளில் வைக்க லோடுமேனுக்கு மூட்டைக்குப் பத்து ரூபாய். கீழவாசல் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு வரை மிதிக்க மூட்டைக்கு முப்பது. நேராகப் போனால் ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் ட்ரைசைக்கிள்காரர் விளக்குத்தூண் பக்கத்து ஓட்டலுக்கும் இரண்டு மூட்டை வைத்திருந்ததால் கீழமாசி வீதிக்குள் வளைந்தார். அங்கே மாட்டிக்கொண்டோம்.

நின்ற இடத்தில் நின்றபடி 20 நிமிடம் எண்ணினேன். குட்டி யானையும் தோஸ்த் வண்டியுமாக 19. ட்ரைசைக்கிள் 8. பின்சீட்டில் மூட்டையோ அட்டைப்பெட்டியோ கட்டிய பைக் 31. லாரி ஒன்றுகூட இல்லை. குட்டி யானை நிற்கும் இடமெல்லாம் நடுரோடு, ஏனென்றால் ஓரம் முழுக்க டூவீலர். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் கல் பாவினார்கள், மாசி வீதிகளைப் புதிதாகப் போட்டார்கள், கார் நிறுத்த அடுக்குமாடி கட்டினார்கள். முதியவர்கள் பேட்டரி காரில் கோயிலைச் சுற்றி வருவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டை இறக்க என்று கோடு போட்ட இடம் நான் நடந்த தூரத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பார்சிலோனாவில் கடை வீதிகளில் சரக்கு வண்டிக்கென்றே ஓரத்தைக் குறித்து, அரை மணி நேரம் நின்று இறக்கிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். நாற்பது கடைக்கு இப்படி ஓரிடம் இருந்தால் அன்று அந்த வீதி அடைத்திருக்காது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். கொஞ்சம் பெயிண்டும், காலையில் இரண்டு மணி நேரம் அங்கே டூவீலர் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் போதும்.

கீழவாசலுக்கு வந்து சேர்ந்தபோது 9.25. ஷேர் ஆட்டோக்கள் மூக்கை ரோட்டில் நீட்டியபடி நின்றன. "தெப்பக்குளம், விரகனூர், சிலமான் ஏறு ஏறு" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். மூட்டைக்கு நாற்பது, ஆளுக்கு இருபத்தைந்து. ஆட்டோ பர்மிட் என்றால் டிரைவர் போக 3 பேர். எங்களையும் சேர்த்து எண்ணினேன், ஒன்பது. அது போக, பின்பக்கம் இரண்டு வெங்காய மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடக் கட்டு, யாரோ ஏற்றிவிட்ட மளிகைப் பெட்டி. பெட்டிக்கு ஆள் கூட வரவில்லை. "விரகனூர்ல ஒரு தம்பி வந்து எடுத்துக்குவான்" என்று டிரைவர் போனை ஆட்டிக் காட்டினார்.

பஸ்ஸில் பெண்களுக்கு இலவசமாச்சே அக்கா என்றேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர் டிக்கெட் எடுப்பதில்லை. "வர்றப்ப பஸ்ஸுதாண்ணே, அதுல மாசம் எழுநூறு மிச்சம். போறப்ப என்னைய ஏத்திக்குவாக, மூட்டைக்கு எங்க எடம்?" என்றார். எனக்கு அந்தப் பதிலில்தான் விஷயம் பிடிபட்டது. ஆளைக் கொண்டுபோவதற்கு ஒரு திட்டம், சரக்குக்கு இன்னொரு விதி என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கிறோம். இந்த அக்கா ஒருத்தரே ஆளும் சரக்கும். அவரைப் போன்றவர்களை இரண்டுமாகவே ஏற்றிக்கொள்வது ஷேர் ஆட்டோ மட்டும்தான். அதையும் பர்மிட்டுக்கு மீறித்தான் செய்கிறது. வளைவில் சாயும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பாதி உடம்பு வெளியே இருக்க உட்கார்ந்திருந்தது. இதை நல்ல ஏற்பாடு என்று என்னால் எழுத முடியாது. வேறு ஏற்பாடு இல்லை என்றுதான் எழுத முடியும்.

வண்டிக்குள் மெட்ரோ பேச்சு வந்தது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்குப் போட்ட திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. வந்தால் நல்லது என்றார் ஒருவர். அக்கா பேசவில்லை. அந்தத் தடம் சிலைமான் பக்கம் வரப்போவதும் இல்லை.

தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்தது, காற்று குளிர்ந்தது. விரகனூர் ரவுண்டானாவில் ரிங் ரோட்டைத் தாண்டினோம். கப்பலூரிலிருந்து உத்தங்குடி வரை 27 கிலோமீட்டர், பெரிய லாரிகள் ஊருக்குள் வராமல் சுற்றிப் போகப் போட்ட ரோடு. வெளியூர் லாரிகள் சுற்றித்தான் போகின்றன. கீழமாரட் வீதிக்கே வர வேண்டிய லாரிக்கு அந்த ரோட்டால் ஆவது ஒன்றுமில்லை. மளிகைப் பெட்டியை வாங்கத் தம்பி சொன்னபடி நின்றிருந்தான்.

சிலைமானில் இறங்கியபோது 10.10. அக்கா கடையின் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். இரண்டு மூட்டைக்கு லோடுமேன் கூலி 20, ட்ரைசைக்கிள் 60, ஆட்டோவில் மூட்டைக்கு 80, அக்காவுக்கு 25. நூறு கிலோவுக்கு 185 ரூபாய். நாசிக்கிலிருந்து மதுரைக்குக் கிலோவுக்கு நாலரை ரூபாய். கீழமாரட் வீதியிலிருந்து சிலைமானுக்கு, ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு, கிலோவுக்கு ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு. ஒரு கிலோவை ஒரு கிலோமீட்டர் நகர்த்தும் செலவென்று பார்த்தால் இது நாசிக் லாரிச் செலவைப்போல ஏறக்குறைய 50 மடங்கு. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது.

அக்கா மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அழுகியது, முளை விட்டது என்று மூன்று கிலோவுக்கு மேல் ஒதுக்கினார். சிலேட்டில் கிலோ 35 என்று எழுதி வைத்தார்.

ஆட்டோ திரும்புவதற்கு நின்றது. காலியாகப் போகாது போல. வாழை இலைக் கட்டு நான்கும், ஒரு கூடை அகத்திக்கீரையும் ஏறின. கீழவாசலுக்கு எனக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். டிரைவர் கட்டை லேசாகத் தள்ளிவிட்டு, "இலை கிழியாம உக்காருங்கண்ணே" என்றார்.