இடது காதும் ஒரு பிட் ஒலியும்

ஜூன் 4

காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. சளி என்று விட்டுவிட்டேன். மதியம் போனை அந்தக் காதில் வைத்தால் எதிர்முனையில் யாருமில்லை. வலப்பக்கம் மாற்றினேன். தம்பி பேசிக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 5

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். ஒலி புகாத சின்ன அறை. 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வொரு சுருதியாக வரும், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு 2,000 தாண்டியதும் விரலுக்கு வேலையில்லை.

"நரம்பு சம்பந்தப்பட்டது சார். காரணம் பெரும்பாலும் தெரியாது. சீக்கிரம் வந்ததுதான் நல்லது." ஸ்டீராய்டு மாத்திரை. திரும்பி வரலாம், கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்றார். வெளியே வருவதற்குள் பாதி மறந்துவிட்டது. அதனால்தான் இந்த நோட்டு.

ஜூன் 7

மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, பாதியில் நிற்கும் வேலையை எடுத்தேன்: பழைய ஐபிஎம் பிசியின் ஸ்பீக்கரை மென்பொருளில் உருவாக்குவது.

1981-இல் வந்த அந்தக் கணினியில் சவுண்ட் கார்டு கிடையாது. 8253 என்ற டைமர் சிப்பில் மூன்று சேனல். ஒன்று கடிகாரத்துக்கு, ஒன்று நினைவகத்தைப் புதுப்பிக்க, மூன்றாவது ஸ்பீக்கருக்கு. நொடிக்கு 11,93,182 துடிப்பு. அதை எந்த எண்ணால் வகுக்கிறோமோ அதைப் பொறுத்துச் சுருதி. 2,712-ஆல் வகுத்தால் 440 ஹெர்ட்ஸ். 11,93,182 என்ற விசித்திர எண் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பன்னிரண்டால் வகுத்து வந்தது. அந்தப் படிகமோ அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறச் சமிக்ஞை அலைவெண்ணுக்கு நான்கு மடங்கு.

ஸ்பீக்கருக்குத் தெரிந்தது 1, 0 என்ற இரண்டே நிலை. ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ தனி வழியில்லை. எங்கள் ஊர்க் கணினி மையத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடிய நாட்களில் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

ஜூன் 8

இடது காதில் ஓயாத கீச்சொலி. கேட்காத காதில் எப்படி இவ்வளவு சத்தம்?

ஜூன் 11

ஹெட்போனில் ஆயிரம் ஹெர்ட்ஸ் சதுர அலையை ஓடவிட்டேன். அதற்கு மேலே உயரத்தில் இன்னொரு குரல் இருக்கிறது. நிரலிலிருந்து வருகிறதா, என் காதிலிருந்தா?

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. சதுர அலைக்குள் அடிப்படைச் சுருதியோடு அதன் ஒற்றைப்படை மடங்குகளும் இருக்கும்: மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வலுவோடு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு வலுவோடு, இப்படியே முடிவில்லாமல். நொடிக்கு 44,100 மாதிரி எடுத்தால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. மிஞ்சியவை ஒழிந்துபோவதில்லை, மடங்கிக் கீழே வருகின்றன. 41-ஆவது மடங்கு ஏறக்குறைய 3,100-இல் வந்து உட்காரும். 39-ஆவது 5,100-இல். ஆயிரத்தோடு எந்த உறவும் இல்லாத அயல் சுருதிகள். பழைய ஸ்பீக்கரில் இவை இருந்ததே இல்லை.

என் கீச்சொலியும் அந்த உயரத்தில்தான். நள்ளிரவில் அழுகை வந்தது. மாத்திரையாக இருக்கலாம்.

ஜூன் 12

மகளைக் கூப்பிட்டேன். ஹெட்போனை மாட்டியதுமே, "அப்பா, பின்னாடி கொசு மாதிரி ஒண்ணு பாடுது" என்றாள். சுருதியை மெல்ல ஏற்றினேன். "இப்ப அது கீழ இறங்குதுப்பா."

அயல் சுருதியின் குணமே அதுதான். மூலச் சுருதி ஏற ஏற, மடங்கி வந்தவற்றில் பல எதிர்த்திசையில் இறங்கும். நானும் கண்ணை மூடிக் கேட்டேன். ஒன்று இறங்கியது. இன்னொன்று அசையாமல் நின்றது.

இரண்டுமே இருக்கின்றன. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. இரவு இட்லி ஆறு சாப்பிட்டேன்.

ஜூன் 15

செவிப்பறை வழியாக ஊசி. வலியைவிடத் தலைசுற்றல்.

ஜூன் 18

மாதிரி எடுக்கும் கணத்தில் ஸ்பீக்கர் 1-ஆ 0-ஆ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். எந்தத் துடிப்பில் மாறியது என்பதை மட்டும் குறிக்கிறேன். இரண்டு மாதிரிகளுக்கு நடுவே 27 துடிப்பு போகிறது. மாற்றம் அவற்றில் எதில் விழுந்தது என்பது முக்கியம். சரியாக அந்த இடத்தில், உயர் அலைகளை முன்பே வடிகட்டிய ஒரு படியைப் பொருத்த வேண்டும். எலி பிரான்ட் 2001-இல் விளக்கிய வழி, பிளெப் என்பார்கள். இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு நேர்மையான தீர்வை நான் அதிகம் கண்டதில்லை.

அலைவெண் வரைபடத்தில் அயல் சுருதிகள் இல்லை. மகள் "போயிருச்சு" என்றாள். ஹெட்போனைக் கழற்றினேன். எனக்குப் போகவில்லை.

ஜூன் 21

ரிச்சி தெரு. பழைய கேபினட்டோடு ஸ்பீக்கர் கேட்டேன். "இதெல்லாம் இப்ப யார் சார் கேக்குறா" என்றபடியே கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். இரண்டேகால் அங்குலம், 8 ஓம், காகிதக் கூம்பு. விலையைச் சொன்னது தெரு இரைச்சலில் புரியவில்லை. வலது காதைத் திருப்பிக் காட்டினேன். மறுபடி சொன்னார், உரக்க, முகம் சுளிக்காமல்.

ஜூன் 22

மைக் வைத்து அளந்தேன். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லை. நடுவே ஒரு மேடு, 5,000-க்கு மேல் சரிவு. தகரப் பெட்டிக்குள் வைத்தால் மேடு இன்னும் கோணலாகிறது. கணினி மையத்தில் கேட்டது இந்தக் கோணலைத்தான். சுத்தமான சதுர அலையை அங்கே யாரும் கேட்டிருக்க முடியாது.

மேசையில் இந்த வரைபடமும் ஆடியோகிராமும் கிடந்தன. காபி வைக்க வந்த மனைவி, "இதுல எது உங்க காது?" என்றாள்.

ஜூன் 26

மறுபரிசோதனை. 2,000-இல் கொஞ்சம் மீண்டிருக்கிறது. 4,000 அப்படியே.

மாலையில் ஆடியோகிராமை ஒரு வடிகட்டியாக எழுதி, ஸ்பீக்கர் ஒலியை அதன் வழியே ஓட்டி, மனைவியைக் கேட்கச் சொன்னேன். வெகுநேரம் கேட்டாள். "இவ்வளவுதான் கேக்குதா உங்களுக்கு?"

இது மட்டுமில்லை என்றேன். 440-ஐ வலது காதில் கேட்டால் 440. இடது காதில் சற்றே ஏறிக் கேட்கிறது. அதை எந்த வடிகட்டியிலும் எழுத முடியவில்லை.

ஜூலை 1

1989-இல் அக்சஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் மீன் ஸ்ட்ரீட்ஸ் விளையாட்டில் இதே வகை ஸ்பீக்கரைப் பேச வைத்தது. கூம்பு முழுதாக நகர்வதற்குள் மின்சாரத்தை வெட்டினால் பாதி வழியில் நிற்கும். எவ்வளவு நேரம் 1 என்பதே ஒலியளவு ஆகிவிடுகிறது. நொடிக்குப் பதினாறாயிரம் தடவைக்கு மேல் இப்படி வெட்டலாம். கூம்பு மந்தமாக இருப்பதால்தான் அந்த வெட்டுகள் காதுக்கு எட்டாமல் குரல் மட்டும் எட்டுகிறது.

என் நிரலிலும் குரல் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு சொடுக்கு. அதே 1-0 வரிசையை மைக்ரோகன்ட்ரோலர் வழியாக அசல் ஸ்பீக்கருக்கும் அனுப்பிப் பார்த்தேன். அங்கேயும் சொடுக்கு உண்டு, ஆனால் இவ்வளவா? மகள் "ரெண்டும் ஒண்ணுதான்பா" என்கிறாள். எனக்கு வேறாகக் கேட்கிறது. நாளை அவள் பள்ளிவிட்டு வந்ததும் ஸ்பீக்கரைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, இரண்டையும் மறுபடி ஒப்பிட வேண்டும்.