மாமா காரும் என் காந்தமும்



சுவர் இதழுக்குக் கட்டுரை கேட்டபோது எல்லோரும் மழைநீர் சேமிப்பு, தாயின் பெருமை, நேரம் பொன் போன்றது என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் "சைலன்சர் பைப்" என்றேன். வகுப்பே சிரித்தது. தமிழ் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா. ஆனா நடந்ததை நடந்தபடி எழுது" என்றார். நடந்தபடி எழுதினால் என் முட்டாள்தனமும் சேர்ந்துதான் வரும். பரவாயில்லை, எழுதுகிறேன்.

எங்கள் மாமா முன்பு பட்டுத்தறி நெய்தவர். முதுகுவலி ஒரு பக்கம், கூலி பத்தாதது ஒரு பக்கம். தறியை விட்டுவிட்டு, லோன் போட்டு, 2014-ஆம் வருஷத்து டீசல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறார். அது டர்போ வண்டி. 1248 சி.சி. இன்ஜின். இத்தாலியின் ஃபியட் கம்பெனி வடிவமைத்த இந்த இன்ஜின் நம் நாட்டில் மாருதி, டாடா, ஃபியட் மூன்று கம்பெனிக் கார்களிலும் ஓடியது.

டர்போ என்றால் என்ன? இன்ஜினிலிருந்து வெளியே போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிடும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் தள்ளும். அதிகக் காற்று, அதனால் அதிக சக்தி. நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேலேகூட அந்தச் சக்கரம் சுற்றும். வீணாகப் போகிற புகையை வேலை வாங்குவதுதான் டர்போ. அதனால் இந்த வண்டிகளில் புகைபோகும் குழாய்க்கு மற்ற வண்டிகளைவிட வேலையும் அதிகம், சோதனையும் அதிகம்.

மூன்று வருஷத்துக்கு முன் கோடை லீவில் மாமா காரின் பைப் உளுத்துப் போய் "டபடப" என்று சத்தம் போட ஆரம்பித்தது. புதுசு வாங்க மாமாவிடம் பணம் இல்லை. ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே இரண்டு பைப் காட்டினார்கள். ஒன்று கறுப்பு இரும்பு. இன்னொன்று பளபளவென்று கண்ணாடி மாதிரி. "இது எஸ்.எஸ். தம்பி, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது" என்றார் அங்கிருந்தவர். விலை இரண்டு மடங்கு.

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு அறிவியலில் நல்ல மார்க் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். கறுப்பு பைப்பில் "டக்" என்று ஒட்டியது. பளபள பைப்பில் ஒட்டவே இல்லை. "மாமா, ஒட்டலை! அசல் எவர்சில்வர்! இதையே போடலாம்" என்றேன். மாமா கடன் வாங்கிப் போட்டார்.

அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. பழைய சைலன்சர் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வதாக முடிவானது. அதன் அடியில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. "அண்ணா, இங்க ஒரு ஓட்டை இருக்கு, அடைச்சிடுங்க" என்று காட்டிக் கொடுத்தேன். அவரும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து அடைத்தார். மாமா என் முதுகைத் தட்டி, "கண்ணுடா உனக்கு!" என்றார். அன்று எனக்கு லஸ்ஸி வாங்கிக் கொடுத்தார். அந்த லஸ்ஸியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பதினான்கு மாதம் போயிருக்கும். ஒரு குடும்பம் திருப்பதிக்கு வண்டி எடுத்தது. அரக்கோணம் தாண்டித் திருத்தணி போகும் வழியில், ஏ.சி. போட்டு ஜன்னலெல்லாம் மூடியிருந்தபோது, பின் சீட்டில் இருந்த பாட்டி, "ஏதோ டீசல் நாத்தம் அடிக்குதுப்பா" என்றார். கொஞ்ச நேரத்தில் மூன்று வயதுக் குழந்தை வாந்தி எடுத்தது. மாமாவுக்கே தலை கிறுகிறுத்தது. வண்டியை ஓரம்கட்டி, கதவையெல்லாம் திறந்துவிட்டு, கீழே குனிந்து பார்த்தால், டர்போவுக்குக் கீழே அந்தப் பளபள பைப் வெல்டிங் ஓரத்திலேயே விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. புகை அப்படியே வண்டிக்குள் ஏறியிருக்கிறது.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டு, வாடகையும் வாங்காமல், ஜன்னலைத் திறந்தபடியே மாமா ஓரிக்கைக்குத் திரும்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இலேயே உறுதியாக அறிவித்திருக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இதையெல்லாம் நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். பாட்டிக்கு வாசனை தெரிந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இரவில் நினைப்பேன்.

எங்கள் தெருவில், பஸ் டெப்போவில் மெக்கானிக்காக வேலை பார்த்து ரிட்டையர் ஆன தாத்தா ஒருவர் இருக்கிறார். மாமா அவரைக் கூட்டிவந்து காட்டினார். தாத்தா முதலில் சைலன்சர் பெட்டியைக் கழற்றி, கிரைண்டரால் அறுத்தார். உள்ளேயிருந்து அரை டம்ளர் காப்பித் தண்ணி மாதிரி கொட்டியது.

"மழைத்தண்ணியா தாத்தா?" என்றேன்.

"இல்லைடா, வண்டியே போட்ட தண்ணி" என்றார்.

பாடத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது. டீசலில் ஹைட்ரஜன் இருக்கிறது. எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் வரும்! பைப் நன்றாகச் சூடாக இருந்தால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். சூடேறாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து தேங்கும். டீசலில் உள்ள கொஞ்ச நஞ்ச கந்தகமும் அதில் சேர்ந்தால் அமிலம். நம் ஊரில் மாமாவுக்கு வரும் சவாரி எப்படி? வரதராஜப் பெருமாள் கோயில், அங்கிருந்து காமாட்சி அம்மன் கோயில், அப்புறம் ஏகாம்பரநாதர், கடைசியில் காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை. ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம்தான். பின்பக்க சைலன்சர் சூடேறுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவார். அந்தத் தண்ணீர் சொட்டிப் போகத்தான் கம்பெனிக்காரன் அடியில் ஓட்டை வைத்திருந்தான். அதைத்தான் நான் அடைக்கச் சொன்னேன். துரு வெளியிலிருந்து வருகிறது என்று நாம் நினைக்கிறோம். சைலன்சர் உள்ளேயிருந்துதான் அதிகமாக அரிக்கிறது.

பிறகு பைப்புக்கு வந்தார் தாத்தா. முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே பைப்பாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கஷ்டம் என்றார். அவர் சொன்னதையும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இன்ஜினுக்கும் டர்போவுக்கும் நடுவில் இருப்பது மேனிஃபோல்ட். டீசலில் புகையின் சூடு அங்கே 700 டிகிரியைத் தொடும். பெட்ரோல் டர்போவில் 950 டிகிரியும் வரும். சாதா இரும்பு அந்தச் சூட்டில் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் பறந்து டர்போ சக்கரத்தில் பட்டால் சக்கரமே போச்சு. அதனால் அங்கே கனமான வார்ப்பிரும்போ, சூடு தாங்கும் உயர்ந்த உருக்கோதான் போடுவார்கள். பட்டறையில் அந்த இடத்தில் கை வைக்கவே கூடாது.

டர்போவுக்கு அடுத்தது கீழிறங்கும் பைப். இங்கே சூடும் உண்டு, ஆட்டமும் உண்டு. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. பைப்போ காரின் அடியில் தொங்குகிறது. நடுவில் அக்கார்டியன் மாதிரி மடிப்பு வைத்த ஒரு துண்டு இருக்கும். அதற்கு ஃப்ளெக்சிபிள் என்று பெயர். பட்டறைக்காரர் அதை வெட்டிவிட்டு நேர் பைப்பாக வைத்து ஒட்டியிருந்தார். அதோடு, சூடேறினால் உலோகம் நீளும். ஒரு மீட்டர் சாதா இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். 304 என்ற எவர்சில்வரோ 7 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கும். வெல்டிங் ஓரம்தான் பலவீனம்.

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் உள்ள குரோமியம். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றை மேலே போர்த்திக்கொள்ளும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் வெல்டிங் சூட்டில் 304-இல் உள்ள குரோமியம் கரியோடு சேர்ந்துவிட்டால் அந்த ஓரத்தில் தோல் போர்த்த ஆள் இல்லை. அங்கே அரிக்கும். அதனால்தான் கரி குறைந்த 304 எல், டைட்டானியம் சேர்த்த 321 என்றெல்லாம் தனி வகைகள் செய்கிறார்கள். குழாயின் உள்பக்கத்துக்கும் ஆர்கான் வாயு விட்டு வெல்டிங் வைக்கிறார்கள்.

"சரி தாத்தா, காந்தம் ஒட்டலையே, அப்ப நல்ல எவர்சில்வர்தானே?" என்றேன்.

"காந்தம் ஒட்டாதது எல்லாம் 304 இல்லை. 304-ல நூத்துக்கு 18 குரோமியம், 8 நிக்கல். நிக்கல் விலை அதிகம்னு அதைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டு ஒரு வகை வருது. 200 நம்பர்ல ஆரம்பிக்கும். அதுலயும் காந்தம் ஒட்டாது. பளபளன்னு இருக்கும். பாத்திரத்துக்கு சரி, இங்க தாங்காது. இன்னொண்ணு கேளு. கார் கம்பெனிங்க நிறைய போடுறது 409. அதுல நிக்கல் கிடையாது, குரோமியம் 11 பங்குதான். காந்தம் நல்லா ஒட்டும்! மேலே பழுப்பா மங்கும். ஆனா சூட்டுல 304 அளவு நீளாது, சீக்கிரம் ஓட்டை விழாது."

எனக்கு வாயடைத்துப் போனது. ஒட்டாததை நல்லது என்றேன். ஒட்டுவதிலும் நல்லது இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டார். பிறகு ஜரிகை நூல் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. "சிவப்பு தெரிஞ்சா அசல்னு ஊரே சொல்லும். இப்ப போலி ஜரிகையிலயும் சிவப்பு நூல் வைக்கிறான். மேல சுத்தியிருக்கிறது வெள்ளியா செம்பான்னு பார்க்கணும். ஒரே ஒரு சோதனையை வெச்சு எதையும் நம்பாதே" என்றார். நம் காஞ்சிபுரத்தில் ஜரிகையைக் கருவியில் வைத்து வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அதேபோன்ற கருவியால் எவர்சில்வரில் நிக்கல் எவ்வளவு என்றும் பார்க்க முடியுமாம்.

கடைசியில் என்ன போட்டோம்? இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலிருந்து இருக்கும் பந்தயத் தடத்தில் ஓடுகிற கார்களுக்கு டைட்டானியம் பைப்பும் போடலாம். இரும்பைவிடப் பாதிக்குக் கொஞ்சம் மேலான எடைதான், விலைதான் கேட்கக்கூடாது. மாமாவுக்கு வேண்டியது வேகம் இல்லை, லோன் முடியும்வரை தாங்கும் பைப். தாத்தா சொன்னபடி முன்பக்கம் 409 பைப், புது ஃப்ளெக்சிபிளோடு. பின்பக்கம் சூடு குறைவு என்பதால் அலுமினியம் பூசிய இரும்பு சைலன்சர். அடியில் ஓட்டையோடு! இன்னொருவர் "நடுவுல இருக்கிற கேடலிடிக் கன்வர்ட்டரைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டா மைலேஜ் கூடும்" என்று ஆசை காட்டினார். புகையைச் சுத்தம் செய்வதே அதுதான். கழற்றுவது சட்டப்படியும் தப்பு. மாமா, "ஒரு தடவை குழந்தைக்குப் புகை கொடுத்தது போதும்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பும் கூடவே கூடாது. அதன் மேல் உள்ள துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும். அதை வெல்டிங் செய்தால் வரும் புகையும் கெடுதல்.

எல்லாம் சேர்த்து, நான் தேர்ந்தெடுத்த பளபள பைப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம் ஆனது. அதை முதலிலேயே போட்டிருந்தால் ஒரு கடன் மிச்சம். இப்போது மாமா வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியைச் செவிலிமேடு தாண்டி நீளமாக ஓட்டி, பைப்பை நன்றாகச் சூடாக்கிவிட்டு வருகிறார்.

வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்று சின்ன வகுப்பிலேயே படித்தோம். அதோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: ஒரு பொருளைப் பார்த்து "இது நல்லதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த இடத்துக்கு, இந்த வேலைக்கு இது நல்லதா?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நான் அன்று "தெரியலை மாமா" என்று சொல்லியிருந்தால் போதும்.

செய்து பாருங்கள்: ஒரு எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வையுங்கள். பெரும்பாலும் ஒட்டாது. இப்போது ஒரு ரூபாய்க் காசில் வையுங்கள். ஒட்டும்! 1992-இலிருந்து வந்த ஒரு ரூபாய்க் காசும் துருப்பிடிக்காத உருக்குதான். அதில் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. காந்தம் வேண்டும் என்றால் என்னிடம் கேளுங்கள். இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்