டேப்பட் மேல் விழுந்த பழி

ஞாயிறு

காலையில் புல்லட் கிளம்ப அடம்பிடித்தது. கிக்கில் வழக்கமான முரட்டுத்தனம் இல்லை, கால் லேசாக இறங்கியது. ஒருவழியாகக் கிளம்பியதும் வலப்பக்கம் 'டிக் டிக்' என்றது. 1978 மாடல், 346 சிசி, இரும்பு பேரல் எஞ்சின். சத்தம் போடாத நாளே கிடையாது. ஆனால் கூடவே வாழ்கிறவனுக்குப் புதுச் சத்தம் உடனே பிடிபட்டுவிடும்.

ஐடிலிங்கில் விட்டுக் கேட்டேன். சைலன்சரின் ஒவ்வொரு 'டப்'புக்கும் ஒரே ஒரு 'டிக்'. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒருமுறை திறந்து மூடும். 'டப்'பும் அந்த இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். பிக் எண்டு, பிஸ்டன் பக்கத்துக் கோளாறு என்றால் பெரும்பாலும் தட்டு இன்னும் அடிக்கடி விழும், குரலும் கனமாக இருக்கும். ஆக, சந்தேகம் மேல்மாடிக்கு, வால்வுகள் பக்கம் போகிறது.

திங்கள்

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ராக்கர் கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். உள்ளே ராக்கர்கள் பேசுவது கேட்கிறது; கூர்மையான அந்த 'டிக்' மட்டும் அங்கே பலமாக இல்லை. டேப்பட் கவரிலும் அப்படியே. ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தால் சத்தம் கூடுகிறது! இரும்பு வழியாக வராமல் காற்று வழியாக வரும் சத்தத்தை எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று. த்ரோட்டிலை மூடி இறங்கும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கிறது. எஞ்சின் சூடேறினால் 'டிக்' பாதியாகக் குறைகிறது.

புதன்

ஷெட்டுக்குப் போனேன். வண்டி பிறந்த திருவொற்றியூரிலிருந்து என் தண்டையார்பேட்டை அதிக தூரமில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வண்டி இது. ஆகவே புல்லட்டைப் பற்றிக் கருத்து இல்லாத தெரு இந்தப் பக்கம் கிடையாது. டீக்கடையில் நின்ற எல்லோரும் ஒரே குரலில் "டேப்பட் டைட் பண்ணுங்க சார்" என்றார்கள்.

மெக்கானிக் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு அல்ல, முழுக்க ஆறவேண்டும் என்று சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம். பிளக்கைக் கழற்றி, ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு கிக்கைக் கையாலேயே மெல்ல இறக்கினார். காற்று விரலைத் தள்ளியதும் அதுதான் கம்ப்ரஷன். பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் நிறுத்தினார். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரம். டேப்பட் கவரின் ஒற்றை நட்டைக் கழற்றினால், வால்வுகளைத் திறக்கும் புஷ் ராடுகளின் அடிக்கால் தெரிகிறது. ஃபீலர் கேஜ் எதுவும் தேவையில்லை. ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழலவேண்டும்; மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. ஆறிய எஞ்சினில் இடைவெளி பூஜ்யம். சூடேறும்போது இரும்பு பேரலும் அலுமினிய ஹெட்டும் நீளுவதால் தேவையான இடைவெளி தானாக வந்துவிடும்.

இன்லெட் ராட் சுழன்றது. எக்ஸாஸ்ட் ராட் அசையவே இல்லை.

"யாரு தம்பி இதை முறுக்கினது?"

போன மாதம் வேறொரு பட்டறையில் சர்வீஸ் கொடுத்தேன். அங்கே யாரோ சத்தத்தை அடக்குவதற்காக முறுக்கியிருக்கிறார்கள். ராட் நெருக்கினால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், காலையில் கிக் தொளதொளக்கும். சீட்டில் உட்கார்ந்துதான் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கும். உட்கார இடமில்லாவிட்டால் விளிம்பு கருகும்.

"சத்தம் போடற டேப்பட்டால எஞ்சின் கெட்டுடாது. சத்தமே இல்லாததுதான் கெடுக்கும்."

ஒரு ஸ்பேனரால் அடிக்காலைப் பிடித்து, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, மூன்றாவதால் அட்ஜஸ்டரை இம்மி இம்மியாகத் திருப்பினார். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பார்த்தார். இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே திரும்பிவிடுமாம். இந்த மறுபடிதான் பல பட்டறைகளில் நடப்பதில்லை என்று நினைக்கிறேன்.

கிளம்பியது, முதல் கிக்கிலேயே. 'டிக்' மட்டும் அப்படியே!

நான் முகம் சுருக்க, அண்ணன் கடைக்குள் போய் சாமி படத்தின் முன் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்துவந்தார். ஹெட்டுக்குள் எக்ஸாஸ்ட் பெண்டு பைப் செருகும் வாயருகே பிடித்தார். நேராக எழுந்துகொண்டிருந்த புகை ஒவ்வொரு 'டிக்'குக்கும் வெடுக்கென்று முன்னால் தெறித்தது. துணியால் துடைத்துப் பார்த்தால் பைப்பின் கழுத்தில் அரைவட்டமாகக் கரி.

எக்ஸாஸ்ட் காற்றும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதானே வெளியேறுகிறது! தாளத்தை வைத்து நான் போட்ட கணக்கு வால்வுக்கும் பொருந்தும், இந்தக் கசிவுக்கும் பொருந்தும். சூடேறினால் பைப் விரிந்து வாயை அடைக்கிறது, சத்தம் குறைகிறது. த்ரோட்டிலை மூடினால் அதே இடுக்கில் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் மிஞ்சிய பெட்ரோலோடு சேர்ந்து சைலன்சரில் வெடிக்கிறது.

வெள்ளி

பைப்பைத் தாங்கும் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருந்தது; அதிர்வில் வாய் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறது. வாயை லேசாக விரித்து, சூடு தாங்கும் பேஸ்ட் தடவி, கிளாம்பை முறுக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டோம்.

சனி

'டிக்' போயிற்று. அடியில் மெல்லிய டேப்பட் சத்தம் இப்போதுதான் கேட்கிறது, அதைக் கேட்க எனக்கு ஆட்சேபம் இல்லை.

வால்வு கருகியிருக்குமோ என்ற பயம் மட்டும் பாக்கி. எஞ்சின் ஆறியபின், கம்ப்ரஷனை விடுவிக்கும் டிகம்ப்ரஸரைத் தொடாமல் கிக்கில் ஏறி நின்றேன். என் 78 கிலோவையும் சில நொடி தாங்கிக்கொண்டு, பிறகுதான் மெதுவாக இறங்கியது. ஹெட்டைக் கழற்ற வேண்டாம் என்றார் அண்ணன். டிகம்ப்ரஸர் கேபிள் நூல் விட்டிருக்கிறது, அதைப் புதுப்பேட்டையில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.