பீங்கான் ஊர்ல ரெண்டு கார்டு!

தாம்பரத்துல ரயில் ஏறும்போது என் முதுகுப் பையில துணிமணியைவிடப் பத்திரமா இருந்தது ரெண்டு கிராஃபிக்ஸ் கார்டு. அதுல ஒண்ணை விருத்தாசலத்துல விட்டுட்டு வரணும். எதை விடறதுன்னு விழுப்புரம் தாண்டியும் முடிவாகலை.

கதை இதுதான் பாஸ். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுல செகண்ட்ஸ்ல ஒரு ஆர்.டி.எக்ஸ். 2060 வாங்கினேன். 2019-ல வந்த கார்டு, 6 ஜி.பி. மெமரி. வாங்கின மூணாவது வாரம், பெரியப்பா பையன் தன்னோட பழைய ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ.யைத் தூக்கிக் கொடுத்துட்டான். அது 2017-ல வந்தது, ஆனா 11 ஜி.பி.! ஒரு காலத்துல ராஜா. என் கேபினட்ல இடம் ஒண்ணுக்குத்தான். மெஸ் பாக்கி வேற கழுத்தைப் பிடிக்குது. ரூம்மேட்டோட சொந்த ஊர் விருத்தாசலம். "எதைக் கொடுத்தாலும் எட்டாயிரம் மச்சி"ன்னுட்டான்.

கேமை மட்டும் பார்த்தா கணக்கு இப்படி. 2023 வரைக்கும் வந்த பெரும்பாலான கேமை 1080 டி.ஐ. அலட்டிக்காம ஓட்டும். மெமரி ஜாஸ்திங்கிறதால டெக்ஸ்ச்சரைத் தாராளமா ஏத்தி வெச்சுக்கலாம். ஆனா ஒளிக்கதிரைக் கணக்குப் போடற ரே ட்ரேசிங்குக்கான தனிக் கருவி அதுல கிடையாது. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாசம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் அந்தக் கருவி இல்லைன்னா வாசல்லயே நிறுத்திடும். 2060-ல அது உண்டு, படத்தைப் பெருசாக்கித் தர்ற டி.எல்.எஸ்.எஸ்.ஸும் உண்டு. 2023-ல வந்தப்போ ஆலன் வேக் 2 கேட்ட குறைந்தபட்ச கார்டே 2060-தான். போதாததுக்கு, 1080 டி.ஐ. தலைமுறைக்குப் புது கேமுக்கான டிரைவரை 2025 அக்டோபரோட நிறுத்தறோம்னு என்விடியா அறிவிச்சாச்சு. ஸோ, மனசுக்குள்ள 2060 எனக்கு, 1080 டி.ஐ. அவனுக்கு. ரயில்லயே பாதி தீர்ப்பு எழுதியாச்சு.

ஸ்டேஷன்ல இறங்கினா வெயில் தோள்ல கைபோட்டுக் கூட்டிட்டுப் போகுது. ஒருபக்கம் திருச்சி, ஒருபக்கம் சேலம், ஒருபக்கம் கடலூர்னு தண்டவாளம் பிரியற ஜங்ஷன். இந்த ஊருக்குப் பழமலைநாதர் கோயில் ஒரு முகம்னா, பீங்கான் இன்னொரு முகம். பக்கத்துலயே நெய்வேலி. சுரங்கத்துல பழுப்பு நிலக்கரியோட சேர்ந்து வர்ற வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குத் தோதா அமைஞ்சுபோச்சு. செராமிக்குக்குன்னே டிப்ளமோ படிப்பு இருக்கிற ஊர். கக்கூஸ் கோப்பையில இருந்து கரன்ட் கம்பத்துல மாட்டற இன்சுலேட்டர், கொலு பொம்மை வரைக்கும் இங்கே சூளையேறி இறங்கும்.

ரூம்மேட்டோட அப்பா சின்ன ஷெட் ஒண்ணை வாடகைக்கு எடுத்து நடத்தறார். "வாங்க தம்பி, கை கொடுக்க முடியாது, மண்ணு"ன்னு சிரிச்சார். பாயசம் மாதிரிக் கரைச்ச மண்ணை பிளாஸ்டர் அச்சுல ஊத்தறாங்க. அச்சு தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச, சுவரை ஒட்டி மண்ணு ஒரு தோல் மாதிரி கட்டுது. மிச்சத்தைக் கவிழ்த்துட்டு, காய்ஞ்சதும் பிரிச்சா... உள்ளே கூடா பிள்ளையார்! சூளையில வெச்சு எடுக்கிறப்போ அவசரப்பட்டுக் கதவைத் திறந்தா, காத்து பட்டு 'டிக்'னு விரிசல் விட்டுடுமாம். "நெருப்பைவிட ஆறவைக்கிறதுதான் தம்பி வேலை."

அவர் என் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எள்ளு எள்ளா ஒட்டியிருக்கிற பழுப்பு நிறத் துணுக்குகளைக் காட்டி, "இது என்ன?"ன்னார்.

"இதுவும் பீங்கான்தான்பா!"

நம்பலை. ஈ.சி.இ. படிச்சதுக்கு அன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம். அது செராமிக் கெப்பாசிட்டர். பேரியம் டைட்டனேட்ங்கிற பொடியைக் காகிதத்தைவிட மெல்லிசாப் படலமாக்கி, நடுநடுவே உலோகம் வெச்சு நூத்துக்கணக்குல அடுக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கிறாங்க. சிப் திடீர்னு கரன்ட் கேட்கிறப்போ சட்டுனு கொடுக்கிறது இதுங்கதான். 2020 செப்டம்பர்ல ஆர்.டி.எக்ஸ். 3080 வந்த புதுசுல, கேம் பாதியிலேயே அணைஞ்சுபோகுதுன்னு உலகம் முழுக்கக் கூப்பாடு. அப்போ எல்லாரும் கார்டைக் கவிழ்த்துப் போட்டு எண்ணினது இந்தத் துணுக்குகளைத்தான். கடைசியில டிரைவரை மாத்தித்தான் பெரும்பாலும் சரிபண்ணினாங்க. போர்டு வளைஞ்சா இதுவும் விரிசல் விடும்னேன். "அப்போ நம்ம ஜாதிதான்"னார் அப்பா.

சாயங்காலம் ரூம்மேட்டோட கம்ப்யூட்டரைத் திறந்தோம். அவன் கேம் ஆடத்தான் கார்டு கேட்கிறான்னு நான் நினைச்சிருந்தேன். பார்த்தா, பிளெண்டர்ல தசாவதார செட் பண்ணி வெச்சிருக்கான். புது பொம்மைக்கு அச்சு போட்டு, சுட்டு, வர்ணமடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினா, "மூஞ்சி சரியில்லை"ன்னு கடைக்காரர் ஒரே வார்த்தையில தள்ளிடுவாராம். போன நவராத்திரிக்கு ஒரு செட்டே அப்படிப் போச்சு. இப்போ அச்சு போடறதுக்கு முன்னாடியே படமாக் காட்டி ஆர்டர் பிடிக்கணும். கார்டு இல்லாத கம்ப்யூட்டர்ல ஒரு படத்துக்கு ராத்திரி முழுக்க ஓடுது.

1080 டி.ஐ.யை மாட்டப் போனோம். அதுக்கு எட்டு பின் ஒண்ணு, ஆறு பின் ஒண்ணுன்னு ரெண்டு ஒயர் வேணும். தனியா 250 வாட் குடிக்கும், 600 வாட் பவர் சப்ளை வெச்சுக்கோன்னு கம்பெனியே சொல்லுது. அவன்கிட்ட இருக்கிறது 500 வாட், எட்டு பின் ஒயர் ஒண்ணே ஒண்ணு. 2060-க்கு அந்த ஒண்ணு போதும், 160 வாட்தான். மாட்டினோம். ரே ட்ரேசிங் கருவி கேமுக்கு மட்டுமில்லையே, பிளெண்டருக்கும் அதே ஒளிக்கணக்குதானே! மச்சாவதாரம் தெளிஞ்சு வந்து நின்னப்போ, அம்மா கொடுத்த டீ இன்னும் சூடாத்தான் இருந்தது.

அவன் எதுவும் கேட்கலை. அதான் பிரச்னை.

மறுநாள் காலையில மணிமுத்தாற்றுப் பக்கம் தனியா நடந்தேன். சுந்தரர் பொன்னை இந்த ஆத்துல போட்டுட்டு, திருவாரூர்க் குளத்துல எடுத்துக்கிட்டார்னு கதை. அதுவும் மாத்துப் பார்க்க ஒரு துண்டு மச்சம் வெச்சுக்கிட்டுத்தான் போட்டாராம், உஷார் பார்ட்டி! இங்கே போட்டா நான் எந்தக் குளத்துல எடுக்கிறது? திரும்பக் கணக்குப் போட்டேன். இண்டியானா ஜோன்ஸும் டூமும் கேட்கிறது 2060 சூப்பர், 8 ஜி.பி. என் 2060-ல இருக்கிறது 6 ஜி.பி. வாசல்ல விட்டாலும் உள்ளே உட்கார இடம் இல்லை. ஆலன் வேக் ஒண்ணுக்காகவா? நிஜமா நான் தினமும் ஆடறது ஜி.டி.ஏ. 5-ம் எல்டன் ரிங்கும். ரெண்டுக்கும் 1080 டி.ஐ. தாராளம். ஹாஸ்டல்ல என் பவர் சப்ளை 650 வாட், ஒயரும் ரெண்டு இருக்கு.

திரும்பிப் போய், "2060 உள்ளேயே இருக்கட்டும்டா"ன்னேன். எட்டாயிரம் வாங்கிக்கிட்டேன். தியாகின்னு நினைச்சுடாதீங்க, மெஸ் பாக்கி!

கிளம்பும்போது அப்பா 1080 டி.ஐ.யை வாங்கி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, பொம்மைக்குச் சுத்தற மாதிரியே வைக்கோல் வெச்சு அட்டைப்பெட்டியில அடைச்சார். கூடவே கைக்கு அடக்கமா ஒரு வெள்ளை இன்சுலேட்டர். "வளைஞ்சா விரிசல் விடும்னியே, கீழே முட்டுக் கொடு. கரன்ட் பாயாது."

இப்போ ஹாஸ்டல்ல கேபினட்டைத் திறந்து பார்க்கிறவன் எல்லாம், "கரன்ட் கம்பத்துல இருந்து திருடினியா?"ன்னு கேட்கிறான்.