வைபை நிற்கவில்லை என்பதற்காக கம்பியூட்டரை அழிக்கக் கொடுக்காதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டரோ லெப்டொப்போ வைத்திருக்கிறவர்கள் ஒருக்கா கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

"அப்டேட் ஒண்டு வந்திச்சு டீச்சர், அதுக்குப் பொறகு வைபை நிக்குதில்ல." இந்த வசனத்தை நாங்கள் இப்போது அடிக்கடி கேட்கிறோம். நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். கம்பியூட்டர் திருத்துவது எங்கள் தொழில் அல்ல. ஆனால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு பாடங்கள் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போன நாளிலிருந்து, பிள்ளைகளின் வீட்டு இணைப்புப் பிரச்சினையும் எங்கள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கேட்டு, பார்த்து, செய்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சாச்சியின் வீட்டில் இதே பிரச்சினை வந்தது. மகன் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். "பார்மட் அடிச்சாச் சரியாகிடும்" என்றார்கள், அடித்தார்கள், வைபையும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மெஷினில்தான் மௌத்தான சாச்சாவின் குரல் பதிவுகள் இருந்தன, மூத்த மகளின் கலியாணப் போட்டோக்கள் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. "நெட் நல்லா வருது. அவருட சத்தம்தான் இல்ல" என்று சாச்சி சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை, எங்களுக்கும் பேச வார்த்தை வரவில்லை.

பார்மட் செய்வது கடைசி மருந்து. வைபைப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. இதை நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு தமிழ்ப் பாடம். "அப்டேட்டுக்குப் பிறகு" என்பது வேறு, "அப்டேட்டினால்" என்பது வேறு. முன்னது நேரம், பின்னது காரணம். மழைக்குப் பிறகு மின்சாரம் போனால் மழைதான் காரணமாக இருக்கலாம், ட்ரான்ஸ்ஃபோமரில் காகம் பட்டதாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. அப்டேட் காரணமாக இருக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

அப்டேட் எப்படி வைபையைக் கெடுக்கிறது? கம்பியூட்டருக்குள் வயர்லெஸ் அட்டை என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அதனோடு கம்பியூட்டர் பேசுவதற்கு ட்ரைவர் என்ற ஒரு சிறு மென்பொருள் வேண்டும். இரண்டு பாஷைக்காரருக்கு நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அப்டேட் வரும்போது சில நேரம் அந்த மொழிபெயர்ப்பாளரும் மாற்றப்படுகிறார், அல்லது மின்சாரச் சேமிப்பு மாதிரியான சில அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. அட்டை உடையவில்லை, உங்கள் கோப்புகளிலும் பிழையில்லை. பேச்சுத்தான் தடைப்படுகிறது.

ஆகவே முதல் வேலை, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பது. வெளியிலிருந்து வரும் லைன், ரவுட்டர், ரவுட்டருக்கும் மெஷினுக்கும் இடையிலுள்ள காற்றுவழி, மெஷின் என்று நான்கு இடங்கள்.

மெஷினில் நெட் அறுந்த அந்த நிமிடமே, அதே இடத்தில் நின்று, அதே வைபைப் பெயரில் போனை இணைத்துப் பாருங்கள். போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போன் டேட்டாவில் ஓடி உங்களை ஏமாற்றும். போனிலும் வரவில்லையென்றால் மெஷினைத் தொடாதீர்கள். பிழை ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது. போனில் நன்றாக வருகிறதென்றால் லைன் நல்லது, ரவுட்டர் நல்லது.

அடுத்து, போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மெஷினை அதில் இணையுங்கள். அதிலும் அறுந்து அறுந்து வந்தால் பிழை மெஷினுக்குள்தான். ஹொட்ஸ்பொட்டில் அறாமல் நின்று, வீட்டு வைபையில் மட்டும் அறுந்தால், மெஷினுக்கும் அந்த ரவுட்டருக்கும் இடையில்தான் சிக்கல். பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் தருகின்றன. 5 வேகமானது, ஆனால் எங்கள் வீட்டுக் கல் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகிவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அயல் வீட்டு ரவுட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே வரிசையில் நெரிசல் உண்டாக்கும். மற்ற வரிசைக்கு மாற்றிப் பார்த்தாலே சில வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடுகிறது.

ஹொட்ஸ்பொட்டில் சோதிக்கும் முன் மெஷினில் அந்த இணைப்பை "மீட்டர்ட்" என்று குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் பெரிய அப்டேட் ஒன்று இறங்கத் தொடங்கி, ரீலோட் செய்த டேட்டா முழுவதையும் குடித்துவிடும்.

இரண்டாவது வேலைக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். எங்கள் மகள் ஏ.எல். படிக்கிறார். சூம் வகுப்பு நடுவில் அறுந்துகொண்டே இருந்தது. ரவுட்டரை மாற்றுவோமா என்று யோசித்தோம். அதற்கு முன் மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதச் சொன்னோம். எத்தனை மணிக்கு அறுந்தது, எந்த அறை, சார்ஜர் போட்டிருந்ததா, போனில் வந்ததா. மூன்றாம் நாள் இரவு கொப்பியைப் பார்த்தோம். சார்ஜர் போட்டிருந்தபோது ஒரு தடவை கூட அறவில்லை. அறுந்த தடவைகள் எல்லாம் பட்டரியில் ஓடியபோது. விடை கொப்பியிலேயே இருந்தது. பட்டரியைச் சேமிப்பதற்காக வயர்லெஸ் அட்டைக்கு மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், அதற்குள் வயர்லெஸ் அடப்டர் செட்டிங்ஸ். அங்கே "ஒன் பட்டரி" என்ற இடத்தில் மக்ஸிமம் பெர்ஃபோமன்ஸ் என்று மாற்றினோம். ஒரு சதமும் செலவில்லை. பட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, அவ்வளவுதான். எல்லா லெப்டொப்பிலும் இந்த இடம் தெரியாது. தெரியாதவர்கள் கீழே சொல்லும் டிவைஸ் மனேஜரில் தேடலாம்.

மூன்றாவது வேலை திருத்துவது. இலேசானதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் பார்த்து, கொப்பியில் எழுதிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஐந்தையும் ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

ஒன்று, ரீஸ்டார்ட். "நாங்க நெடுகலும் ஓஃப் பண்ணித்தான் வைக்கிற" என்பார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்டப் என்ற வசதி இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது கம்பியூட்டர் தன் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுபடி திறக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளும். பழைய குழப்பமும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு, மெஷினில் வீட்டு வைபைப் பெயரை "ஃபொர்கெட்" கொடுத்து அழித்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்து இணைப்பது.

மூன்று, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜர். அதில் நெட்வேர்க் அடப்டர்ஸ் என்பதற்குள் வயர்லெஸ் அல்லது வைபை என்று பெயருள்ளதைத் திறந்து ப்ரொப்பர்ட்டீஸ். அங்கே பவர் மனேஜ்மென்ட் என்ற பகுதி இருந்தால், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற இடத்திலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

நான்கு, அதே இடத்தில் ட்ரைவர் என்ற பகுதியில் "ரோல் பேக் ட்ரைவர்". பழைய மொழிபெயர்ப்பாளரை மறுபடி வேலைக்கு எடுப்பது. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப் போக பழைய ட்ரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது லெப்டொப்பின் அடியில் ஒட்டியுள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து, அதைத் தயாரித்த கொம்பனியின் சொந்தத் தளத்தில் ட்ரைவரை எடுங்கள். "எல்லா ட்ரைவரும் இலவசம்" என்று விளம்பரத்தில் வருபவற்றைத் தொட வேண்டாம். வைபையே இல்லாமல் எப்படி டவுன்லோட் செய்வது என்று கேட்பீர்கள். அன்ட்ரொய்ட் போனை சார்ஜர் வயரால் மெஷினில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். வைபை இல்லாமலே நெட் வரும்.

ஐந்து, நெட்வேர்க் ரீசெட். விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், நெட்வேர்க், அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செட்டிங்ஸ் வழியாகப் போகலாம். நெட்வேர்க் அமைப்புகள் மட்டும்தான் புதிதாகும், உங்கள் போட்டோவோ பாடக் கோப்போ தொடப்படாது. வைபை பாஸ்வேர்ட் மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விசயம். வைபை அடையாளம் முழுதாக இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால், மெஷினின் திகதியைப் பாருங்கள். பழைய மெஷின்களில் உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற சிறிய பட்டரி இறங்கிவிட்டால், மின்சாரம் போய் வரும்போது திகதி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழையென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை மெஷின் நம்பாது. திகதியைத் திருத்தி, அந்தப் பட்டரியை மாற்றினால் சரி.

அப்டேட்டே உண்மையில் காரணமாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 க்கு வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு சில வைபை அட்டைகள் சில வலையமைப்புகளில் இணையவில்லை. மைக்ரோசொஃப்ட் அதை ஒப்புக்கொண்டது. அலுவலகம், பல்கலைக்கழகம் போன்ற இடங்களில்தான் அதிகம் வரும், வீடுகளில் வர வாய்ப்புக் குறைவு என்றும் சொன்னது. அந்த மாதத்துக்குள்ளேயே பிழையான மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அதற்காக யாரும் மெஷினை பார்மட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதனால் "அப்டேட்டையே நிப்பாட்டி வைங்க" என்கிற ஆலோசனையையும் நாங்கள் ஏற்பதில்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகம் முழுக்கக் கம்பியூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரச வைத்தியசாலைகள் கூடத் தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஏதாவது அப்டேட் சந்தேகமென்றால் விண்டோஸ் 11 இல் அதிகம் ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். பிள்ளைக்குப் பரீட்சை வாரமென்றால் அப்படிச் செய்வதில் பிழையில்லை. பரீட்சை முடிந்ததும் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதற்காக 11 க்கு மாறும் பழைய மெஷின்களில், பழைய வயர்லெஸ் அட்டைக்குப் பொருத்தமான ட்ரைவர் இல்லாமல் போகலாம். அப்போதும் மெஷினை வீச வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் சிறிய வைபை அடப்டர் ஒன்று போதும்.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லையென்றால் கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். எங்கள் ஊரில் பொறுமையாகப் பார்த்து வேலை செய்யும் தம்பிமார் இருக்கிறார்கள். ஆனால் கொடுக்கும் முன் போட்டோ, வீடியோ, குரல் பதிவு, பிள்ளைகளின் கோப்புகள் எல்லாவற்றையும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அல்லது பென் ட்ரைவில் பிரதி எடுங்கள். மெஷின் திறக்கவே இல்லையென்றாலும், உள்ளேயிருக்கும் டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுக்கப் பல நேரம் முடியும், அதைக் கேளுங்கள். ஒரு துண்டில் "கேட்காமல் பார்மட் செய்ய வேண்டாம்" என்று எழுதி மெஷினில் ஒட்டிக் கொடுங்கள். ஏற்கனவே பார்மட் ஆகி எதையாவது இழந்திருந்தால், அந்த மெஷினை உடனே நிறுத்துங்கள். அதில் புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன் மேல்தான் விழும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் சிலதை மீட்கலாம், எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

வைபை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். மெஷினை இன்னொன்று வாங்கலாம். அதற்குள் இருப்பதில் சிலதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த வெள்ளிக்கிழமை லீவில் வீட்டுப் பிள்ளைகளை இருத்தி, முதலில் அந்தப் பிரதியை எடுத்து முடியுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் மெஷினோடு கொப்பியையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.