வேதாரண்யம் திண்ணைகளில் சாக்கு போர்த்திய ஜெனரேட்டர்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் கொஞ்ச தூரத்துக்கு நெல் வயல்கள்தான் தெரியும். கரியாப்பட்டினம் பக்கம் வந்ததும் மண் நிறம் மாறத் தொடங்கும். களிமண் போய் மணல் வரும். மாந்தோப்பு, முந்திரி, சவுக்கு, தென்னை, நடுநடுவே முல்லைத் தோட்டம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், குரவப்புலம் என்று ஊர்ப் பெயர்களே புலம் புலமாக வரும். அதற்கும் தெற்கே உப்பளம், கோடியக்காடு, கடல்.

இந்த ஊர்களில் வீட்டுத் திண்ணை மூலையில் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்று இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வெளியூர்க்காரர் அதை மருந்து தெளிப்பான் என்று நினைப்பார். சாக்கை விலக்கினால் கைப்பிடி வைத்த சின்ன ஜெனரேட்டர். இரண்டு பேர் தூக்கலாம், திடமான ஆள் என்றால் ஒருவரே போதும். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தத் திண்ணைகளில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. அந்த இடத்துக்கு இது வந்ததற்குக் காரணம் கஜா.

2018 நவம்பர் 16, ஐப்பசி முடிகிற நேரம். நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. விடிந்தபோது நின்ற தென்னையைவிட விழுந்த தென்னைதான் கண்ணில் பட்டது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரங்களுக்கு முதலில் மின்சாரம் வந்தது. உள்ளடங்கிய கிராமங்களும் தோப்புக்குள் இருக்கும் தனி வீடுகளும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் முதல் நாள் சமாளித்தார்கள். இரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்போது ஊருக்குக் கை கொடுத்தவர்கள் மைக் செட், பந்தல் தொழில் செய்தவர்கள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகும் ஜெனரேட்டர் வண்டிகள் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பின. செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கியவர்களும் உண்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை. பெட்ரோல் பங்க்கிலும் மின்சாரம் இல்லாமல், இருந்த பங்க்கில் நீண்ட வரிசை நின்ற நாட்கள் அவை.

கருப்பம்புலம் பக்கத்து வீடு ஒன்றில், மகன் ஜெனரேட்டர் வாங்கி வந்து இறக்கிய அன்று அப்பாயி கேட்ட கேள்வியை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

"வெளக்கு எரியுறதுக்கா தம்பி இம்புட்டுக் காசு? வெளக்கு இல்லாட்டி நேரத்தோட சாப்புட்டுப் படுப்போம். தண்ணி ஏறுமா இதுல, அதச் சொல்லு."

அப்பாயி கேட்டதுதான் சரியான கேள்வி. விளக்குக்கும் செல்போனுக்கும் மட்டும் என்றால் ஒரு நல்ல சூரிய ஒளி விளக்கே போதும், ஜெனரேட்டர் தேவையில்லை. மின்சாரம் நின்ற கிராமத்து வீட்டில் முதலில் முட்டுவது தண்ணீர். மனிதர் எப்படியாவது குடத்தில் கொண்டு வந்துவிடுவார். கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு மாடும் கன்றும் இருக்கிற வீட்டில், மூன்று நாள் கைப்பம்பு அடித்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்த மணல் பகுதியில் ஒரு வசதி உண்டு. மணலுக்குள் மழைநீர் தங்குவதால் நல்ல தண்ணீர் மேலாகவே கிடைக்கும். ஆழமாகப் போனால் உப்பு. ஆகவே வீட்டுக்கு அரை எச்.பி. அல்லது ஒரு எச்.பி. மோனோபிளாக் மோட்டாரே போதும், அதைச் சின்ன ஜெனரேட்டர் இழுக்கும். ஆனால் வாங்கும்போது பலர் கணக்கில் தவறுகிறார்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட், அதனால் ஒரு கே.வி.ஏ. போதும் என்று நினைப்பார்கள். மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். அதைத் தாங்காவிட்டால் ஜெனரேட்டர் முக்கி நிற்கும், அல்லது மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் காயில் சூடேறும். ஒரு எச்.பி. மோட்டாருக்கு இரண்டரை முதல் மூன்று கே.வி.ஏ. இருக்க வேண்டும். அரை எச்.பி. என்றால் இரண்டு கே.வி.ஏ. போதும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் கிளப்ப வேண்டும். அது சுதாரித்துச் சுற்றிய பிறகுதான் மற்றது.

எரிபொருள் செலவும் சின்னதல்ல. இந்த அளவு இயந்திரம் நல்ல சுமையில் மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் வரை குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு யூனிட் 60 ரூபாய்க்குக் குறையாது. அதனால் விவரம் தெரிந்த வீடுகளில் நாள் முழுக்க ஓட விடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் தொட்டி நிரம்பிவிடும், குளிர்பதனப்பெட்டி குளிர்ந்துவிடும், செல்போன், டார்ச் எல்லாம் ஏறிவிடும். மீதி இரவு இன்வெர்ட்டரில் ஓடும். இங்கே சிலருக்கு ஒரு குழப்பம் வருகிறது. ஜெனரேட்டர் ஓடும், ஆனால் இன்வெர்ட்டர் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே நிற்கும். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ்., சாதாரணம் என்று இரண்டு நிலை கொண்ட சுவிட்ச் உண்டு. சின்ன ஜெனரேட்டரின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் யு.பி.எஸ். நிலையில் அது தள்ளிவிடும். சாதாரண நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் சார்ஜ் ஏறிவிடும்.

நெய்விளக்கு, தோப்புத்துறை தாண்டி வேதாரண்யம். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த ஊர். இன்றைக்கும் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் வெள்ளையாகப் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது. உப்புக் காற்றுக்கு ஜெனரேட்டர் சீக்கிரம் துருப்பிடிக்கும். சாக்கைப் போர்த்துவது தூசிக்கு நல்லது, ஈரச் சாக்கு என்றால் கெடுதல். காய்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமாக மூடி வைப்பதே இங்கே வழக்கமாகி வருகிறது.

இந்த ஊர்களில் மின்வாரியத்து ஆட்களோடு பேச்சுக் கொடுத்தால் ஜெனரேட்டர் கதை வேறு மாதிரி இருக்கும். கஜாவுக்குப் பிறகு கம்பம் நட, வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று உள்ளூர் லைன்மேனுக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது. கம்பத்தில் ஏறும் முன் கம்பியை எர்த் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது விதி. அதையும் மீறி அவர்கள் பயப்படுவது ஒரே ஒரு ஒயருக்கு. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில். வீடு முழுக்க ஒரே நொடியில் வெளிச்சம் வந்துவிடும், அதனால்தான் அது பலருக்குப் பிடித்துப் போனது.

"அண்ணே, ஒங்க வீட்டு ஜெனரேட்டரு எதுல மாட்டியிருக்கு?"

"பிளக்லதாம்பா. மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுறது."

"ஆஃப் பண்ணீங்க சரி. நீங்க இல்லாத நேரம் பையன் வந்து மேல தள்ளிட்டா? நா கம்பத்துல இருப்பேன்ணே."

இந்தப் பேச்சுக்கு மேல் விளக்கம் தேவையில்லை, ஆனாலும் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மெயின் அணையாமல் இருந்தால் வீட்டில் உண்டாகும் மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக இறக்கும் அதே டிரான்ஸ்பார்மர், தலைகீழாக வரும் 230 வோல்ட்டை 11,000 வோல்ட் பக்கத்துக்கு ஏற்றிவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பி அறுந்த கம்பியைக் கையில் எடுப்பவர் கதி என்னாகும்? லைன்மேன்தான் என்றில்லை, அறுந்து கிடக்கும் கம்பியை ஒதுக்கி மாட்டை ஓட்டிப் போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஆபத்து. பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டோம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பீஸ் கட்டை பேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் சேர்ந்தே இருக்கும். அது போதாது.

இதற்கு மாற்று, இரண்டு ஒயரையும் சேர்த்துத் துண்டிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். கைப்பிடி ஒரு பக்கம் போனால் லைன், மறு பக்கம் போனால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே கிடையாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனைக் கொண்டு மீட்டருக்கு அடுத்துப் பொருத்திவிட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஜெனரேட்டர் வாங்கியவர் இதற்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்க வேண்டும். அது முடியாதவர் வீட்டு ஒயரிங்கைத் தொடாமல், ஜெனரேட்டரிலிருந்து தடித்த மூன்று கோர் ஒயர் இழுத்து மோட்டாருக்கோ குளிர்பதனப்பெட்டிக்கோ நேராகக் கொடுக்கலாம்.

கோடியக்கரை வரை போய்த் திரும்பினால், மழைக்காலத்தில் இந்த வீடுகள் எப்படிக் கதவடைத்துக் கிடக்கும் என்பது புரியும். கடல் காற்றும் சாரலும் நான்கு பக்கமும் அடிக்கும். அந்த நேரத்தில்தான் ஜெனரேட்டர் நனையக் கூடாது, களவு போகக் கூடாது என்று தாழ்வாரத்துக்குள்ளோ சமையலறைக்குள்ளோ இழுத்துவிடுகிறார்கள். புகையோடு கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும். பசி மயக்கம், காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தேன், மின்விசிறி போட்டேன் என்பதெல்லாம் காப்பாற்றாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டையும் பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்காமல் இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகையும் மாட்டுக் கொட்டகையும் வீட்டுக் கணக்குத்தான். நான்கு கால் நட்டு, உயரத்தில் ஒரு தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டு, கீழே செங்கல் மேடை கட்டினால் மழைக்கும் வெள்ளத்துக்கும் ஆகும். களவுக்குச் சங்கிலி போடலாம். உள்ளே யாராவது சுருண்டு கிடந்தால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு, பிறகு 108.

வேதாரண்யத்திலிருந்து மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அதிராம்பட்டினம், அப்புறம் பேராவூரணித் தென்னை. கஜாவில் சாய்ந்த தோப்புகளில் மறுபடி நட்ட கன்றுகள் இப்போது வளர்ந்து நிற்கின்றன. இங்கே நிலைமை வேறு. தண்ணீர் ஆழத்தில், போர்வெல்லில். மோட்டார் ஐந்து எச்.பி., ஏழரை எச்.பி., மூன்று பேஸ். வேதாரண்யத்துத் திண்ணை ஜெனரேட்டரை இங்கே கொண்டு வந்தால் எதுவும் நடக்காது. ஐந்து எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கே 12 முதல் 15 கே.வி.ஏ. வேண்டும். பழைய ஆயில் என்ஜினைத் தூசி தட்டலாமே என்றால், மேலிருந்து உறிஞ்சும் பம்பு 25 அடிக்குக் கீழே தண்ணீர் போனால் இழுக்காது.

தனியாக ஒருவர் அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வாங்குவது வீண். ஆண்டில் சில நாள் வேலைக்கு அத்தனை பணத்தை முடக்க வேண்டாம். டிராக்டர் வைத்திருப்பவர் அதன் பி.டி.ஓ. தண்டில் மாட்டும் ஆல்டர்னேட்டர் ஒன்றை நாலைந்து பேராகச் சேர்ந்து வாங்கினால் தோப்பு தோப்பாகக் கொண்டு போகலாம். அப்படி மாட்டும்போது தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைவாக வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று பொருள். அணைத்துவிட்டு, மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகும். இது தெரியாமல் மோட்டாரை மேலே தூக்கிச் செலவு செய்தவர்கள் உண்டு.

இந்தப் பக்கத்து மெக்கானிக் கடைகளில் ஐப்பசியில் குவியும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றே: போன வருடத்துப் பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். சில மாதம் கிடந்தால் கார்புரேட்டரில் பிசின் போல் படிந்து அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட விட்டு அணைத்தால் இந்தத் தொல்லை இல்லை. புது இயந்திரத்துக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று சொல்லாத மெக்கானிக் இல்லை, கேட்பவர்தான் குறைவு.

பேராவூரணிப் பக்கம் சில வீடுகளில் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு வைத்திருக்கிறார்கள். கைப்பிடி ஜெனரேட்டர் பக்கம் இருந்தால் தெருவில் மின்சாரம் வந்தது வீட்டுக்குத் தெரியாது, பெட்ரோல் சும்மா எரிந்துகொண்டிருக்கும். அதற்காக அந்த பல்பை லைன் வரும் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது எரிந்ததும் பிள்ளைகள் யாராவது "லைன் வந்துருச்சு" என்று கத்துவார்கள். ஜெனரேட்டர் அணையும். வந்த மின்சாரம் நிலைக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடி மறுபக்கம் போகும்.